விரியாத குடை: டீச்சர் பாப்பாவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பாப்பா,

டிசம்பர் 10 அன்று பிரேயரில் மனித உரிமை உறுதிமொழி வாசித்தீர்கள், இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிட்டது, பிள்ளைகள் சும்மா வாயசைத்தார்கள் என்று போனில் சொன்னாய். "இதுக்குன்னு ஒரு நாள் எதுக்கு பெரியப்பா?" என்று நீ கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

என் தாத்தா, உனக்குப் பூட்டன், செட்டிமார் வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். மரப்பிடி போட்ட கறுப்புக் குடை ஒன்று வைத்திருந்தார். தேவகோட்டைச் சந்தைக்கு என்னையும் கூட்டிப் போவார். வெயில் மண்டையைப் பிளந்தாலும் ஊருணிக்கரை தாண்டும்வரை குடை அவர் கக்கத்திலேயே இருக்கும். மழை வந்தால் தோள்துண்டை எடுத்து என் தலையில் போடுவார், குடையை விரிக்கமாட்டார். ஏன் தாத்தா என்றால், "பழகிப்போச்சுடா" என்பார்.

காரணம் கல்லூரி நூலகத்தில்தான் எனக்குக் கிடைத்தது. நம்ம பக்கமெல்லாம் அப்போது ராமநாதபுரம் மாவட்டம். அங்கே 1930 டிசம்பரில் ஆதிக்க சாதிக்காரர்கள் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் போட்டார்கள். 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஹட்டன் அதைப் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கை போடக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். அடுத்த வருஷம் தடை பதினொன்றானது. அதில் ஒன்று, அவர்கள் பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது என்பது. நீ டீச்சர், இதை இன்னொரு முறை படி.

அதற்குப் பதினேழு வருஷம் கழித்து, 1948 டிசம்பர் 10, பாரிஸ். ஐ.நா. பொதுச்சபையில் உலக மனித உரிமைப் பிரகடனம் வாக்கெடுப்புக்கு வந்தது. 48 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஒன்றுகூட இல்லை, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. நம் நாடு ஆதரித்தது. முதல் பிரிவில் 'ஆண்கள் எல்லோரும்' என்றும் பொருள்படும்படி இருந்த ஆங்கிலச் சொல்லை 'மனிதர்கள் எல்லோரும்' என்று மாற்ற வைத்ததும் நம் நாட்டின் சார்பில் போன பெண்மணி, நம்ம ஹன்சா மேத்தாதான். உன் வகுப்புப் பெண்பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல். 26-ஆவது பிரிவு, கல்வி எல்லோருக்கும் உரிமை என்கிறது. பாரிஸில் எழுதினாலும் அது நம்ம ஊருக்கும் சேர்த்து எழுதியதுதான் பாப்பா.

அந்தப் பிரகடனம் வந்த பிறகும் தாத்தாவின் கை குடையை விரிக்கவில்லை. அந்தப் பயம் இருந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாவிட்டால், வாயைத்தானே அசைப்பார்கள்? அடுத்த வருஷம் உறுதிமொழிக்கு முன்னால் அந்த எட்டையும் வாசித்துக் காட்டு.

குடை நம்ம வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. இரண்டு கம்பி ஒடிந்திருக்கிறது. சரிபண்ணி வைக்கிறேன், வந்து எடுத்துக்கொண்டு போ.

அன்புடன்,
பெரியப்பா