ஏரிக்கரையை விற்காத ஊர்

நார்மல், இல்லினாய்

அன்புள்ள செல்விக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. வலிக்கிறது என்று அழுதாலும் தினமும் நடக்க வை. என் அத்தைக்கு அதை விட்டுவிட்டோம், இப்போதும் காலை முழுசாக மடக்க முடியவில்லை. அப்புறம், உதவி நிர்வாகப் பொறியாளர் ஆகிவிட்டாய் என்பதைக் கடிதத்தின் கடைசி வரியில் போய்ச் சொல்கிறாயே, அதை முதல் வரியில் எழுத வேண்டாமா? நம் வகுப்பில் படித்தவர்களில் குடிநீரை விடாமல் பிடித்துக்கொண்டவள் நீ ஒருத்திதான். ரொம்பச் சந்தோஷம்.

இங்கே வந்ததிலிருந்து சிகாகோ போக வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். போன வார இறுதியில்தான் அது நடந்தது. பிரபுவுக்கு வெள்ளிக்கிழமை விடுப்பு கிடைத்தது. கார் வேண்டாம், அங்கே நிறுத்தும் இடத்துக்கே ஒரு நாள் சம்பளம் போய்விடும் என்று அலுவலகத்தில் சொன்னார்களாம். ரயிலில் ஏறினோம். இரண்டரை மணி நேரம் இரண்டு பக்கமும் காய்ந்த சோளமும் சோயாவும்தான். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு மேடு கிடையாது. அப்புறம் திடீரென்று தண்டவாளங்கள் பெருகின, பாலங்கள் வந்தன, யூனியன் ஸ்டேஷனில் இறங்கிவிட்டோம். 1925-ல் திறந்த நிலையம். அதன் பெரிய கூடத்தில் மேலே கண்ணாடிக் கூரை, கீழே நீளமான மர பெஞ்சுகள். பிரபு பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வரை போய்விட்டார், நான் இன்னும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

குறைந்த நேரம்தான் என்பதால் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு ஓட வேண்டாம் என்று முன்பே பேசி வைத்திருந்தோம். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மீதி நேரம் நடை. அவர் கேட்டது ஆற்றுப் படகு. நான் கேட்டது ஃபஸ்லூர் ரஹ்மான் கானின் கட்டடங்கள்.

அவரை உனக்கு நினைவிருக்கிறதா? ஸ்ட்ரக்சுரல் பாடத்தில் ஒரே ஒரு பத்தியில் வந்து போனவர். 1929-ல் டாக்காவில் பிறந்து, கல்கத்தா பக்கம் ஷிப்பூரில் படித்து, 1952-ல் உதவித்தொகையோடு இதே இல்லினாய் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். நான் இருக்கும் இடத்திலிருந்து அது ஒரு மணி நேரத் தூரம்தான். அவர் வடிவமைத்த சியர்ஸ் கோபுரத்துக்கு இப்போது வில்லிஸ் கோபுரம் என்று பெயர். 110 மாடி, 442 மீட்டர். 1998 வரை உலகிலேயே உயரமான கட்டடம் அதுதான். ஒற்றைக் குழாயாக நிறுத்தாமல் ஒன்பது சதுரக் குழாய்களைச் சேர்த்துக் கட்டியிருக்கிறார். ஒற்றை ஈர்க்கு வளைந்துவிடும், கட்டி வைத்த விளக்குமாறு வளையாது இல்லையா, அந்தச் சங்கதிதான். காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும் ஒன்பதும் ஒன்றாக நின்று தாங்கும். மேலே போகப் போக முதலில் இரண்டு, அப்புறம் இரண்டு, அப்புறம் மூன்று என்று குழாய்கள் நின்றுவிடுகின்றன. உச்சி வரை போவது இரண்டே இரண்டு. அடியில் நின்று பார்த்தால் அந்தக் கணக்கு அப்படியே கண்ணுக்குத் தெரிகிறது. பக்கத்துத் தெரு முனைக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தப் பலகையின் கீழ் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டேன். வேறு எங்கேயும் எனக்கு அப்படி நிற்கத் தோன்றவில்லை.

மேலே ஏறியது அதில் இல்லை, ஹான்காக் கட்டடத்தில். 1969-ல் முடித்த நூறு மாடி. வெளிச் சுவரில் அடி முதல் நுனி வரை பெரிய பெரிய எக்ஸ் வடிவ உத்திரங்கள். பாரத்தை அவை சுமப்பதால் எஃகு நிறைய மிச்சம். 94-ஆவது மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த உத்திரம் ஒன்று குறுக்கே போகிறது. காட்சியை மறைக்கிறதே என்று பிரபு ஒதுங்கிப் போனார். நான் அதன் அருகிலேயே நின்றேன். பத்து வருஷத்துக்கு முன்னால் காகிதத்தில் அம்புக்குறி போட்டுக் கணக்குப் பார்த்த விசை, இதோ என் கைக்கு எட்டும் தூரத்தில் தரைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது! செல்வி, விசா காரணமாக வேலை செய்ய முடியாமல் வீட்டில் இருக்கிறேனே, நான் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது என்றே நினைத்திருந்தேன். அங்கே நின்றபோது ஒன்றும் போகவில்லை என்று தெரிந்தது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது.

உன் துறைக்கும் அங்கே நிறைய இருந்தது. ஹான்காக்குக்கு எதிரில் மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் கோட்டை மாதிரி ஒரு சின்னக் கோபுரம் நிற்கிறது. 1869-ல் கட்டிய தண்ணீர்க் கோபுரம். உள்ளே 138 அடி உயரத்துக்குக் குழாய் ஒன்று நின்றதாம். நீராவிப் பம்புகள் தண்ணீரை விட்டு விட்டுத் தள்ளும்போது வரும் அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். 1871 அக்டோபரில் ஊர் எரிந்தபோது கிட்டத்தட்ட 300 பேர் இறந்தார்கள், ஒரு லட்சம் பேர் வீடில்லாமல் நின்றார்கள். சுற்றிலும் எல்லாம் சாம்பலான பிறகும் இது நின்றது.

ஆற்றின் கதை படகில் கேட்டது. ஊர்க் கழிவெல்லாம் ஆற்றில், ஆறு போய்ச் சேருவது ஏரியில், குடிநீர் எடுப்பதும் அதே ஏரியில். முதலில் 1867-ல் ஏரிக்கு அடியில் இரண்டு மைல் சுரங்கம் தோண்டி, கரையை விட்டுத் தள்ளித் தண்ணீர் எடுத்துப் பார்த்தார்கள். போதவில்லை. 28 மைல் கால்வாய் வெட்டி, 1900 ஜனவரியில் ஆற்றையே பின்பக்கமாக ஓட வைத்துவிட்டார்கள். படகில் எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குத் தட்ட மனம் வரவில்லை. அந்தக் கழிவு கீழே மிசிசிப்பி வழியாக செயின்ட் லூயிஸுக்குத்தானே போகும்? அந்த ஊர்க்காரர்கள் தடை வாங்கிவிடுவார்களோ என்றுதான் அவசரமாகக் கால்வாயைத் திறந்தார்கள். அந்த ஊர் இருக்கும் மிசௌரி மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போனது, 1906-ல் தோற்றது. கடைமடையில் இருப்பவன் குரல் எங்கேயும் இப்படித்தான். தாமிரபரணிக் கரையில் வேலை பார்க்கும் உனக்கு இதை விளக்கவே வேண்டாம். நீ அந்தப் படகில் இருந்திருந்தால் வழிகாட்டியிடம் நாலு கேள்வி கேட்டிருப்பாய்.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். அது ஏரிக்கரை.

மிஷிகன் ஏரி என்று பெயர்தான், பார்வைக்குக் கடல். அக்கரை தெரியவில்லை, அலை அடிக்கிறது, உப்பு வாசம் மட்டும் இல்லை. இவ்வளவு பணம் புழங்கும் ஊரில், இவ்வளவு விலை போகும் நிலத்தில், கரையோரம் கிட்டத்தட்ட முழுவதும் பொது இடம். நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் 18 மைல் பாதை. சனிக்கிழமை விடியலில் போனோம். சூரியன் தண்ணீரிலிருந்து ஏறியது. தூண்டிலோடு தாத்தா ஒருவர், தலையில் முக்காடிட்டு ஓடும் இரண்டு பெண்கள், அடுப்பும் நாற்காலியும் கறியுமாக அப்போதே மரத்தடியைப் பிடித்துவிட்ட மெக்சிகோக் குடும்பம். யாரும் யாரிடமும் டிக்கெட் கேட்கவில்லை.

இது தானாக அமையவில்லை. 1836-ல் நிலத்தை மனை பிரித்தவர்கள், ஊர் நடுவே கரையோரத் துண்டு ஒன்றின் மேல், இது பொது நிலம், என்றைக்கும் கட்டடமோ வேறு தடையோ இல்லாமல் திறந்தே கிடக்க வேண்டும் என்று வரைபடத்திலேயே எழுதி வைத்தார்கள். எழுதினால் ஆயிற்றா? குப்பையும் கொட்டகையும் அங்கேதான், தீயில் இடிந்த ஊரின் கல்லையும் மண்ணையும் தள்ளியதும் அங்கேதான். தபாலில் சாமான் விற்றுப் பணக்காரரான ஆரோன் மான்ட்கோமரி வார்டு என்பவரின் அலுவலகம் அதற்கு எதிரில் இருந்தது. 1890-ல் வழக்குப் போட்டார். பெரிய மனிதர்களும் பத்திரிகைகளும் அவரை ஊரின் எதிரி என்றே பேசினார்கள். அங்கே அருங்காட்சியகம் கட்ட வேண்டாம் என்கிறவன் என்ன மனிதன் என்று கேட்டார்கள். இருபது வருஷம் விடாமல் நின்று ஜெயித்தார். இன்று கிராண்ட் பார்க்கில் குழந்தைகள் உருண்டு விளையாடும் புல்தரை அந்த வழக்கின் பலன். நல்ல காரியத்துக்காகக் கட்டடம் கேட்கிறவர்களிடமும் இங்கே வேண்டாம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நம் ஊர்களில் பேருந்து நிலையமும் ஆட்சியர் அலுவலகமும் எத்தனை குளங்களின் மேல் நிற்கின்றன?

ஆனால் அந்தக் கரையிலேயே இன்னொன்றும் பார்த்தோம், அதை எழுதாமல் விட்டால் பாதிக் கதைதான். தெற்கே 29-ஆவது தெருப் பக்கம் நினைவுக் கல் ஒன்று இருக்கிறது. 1919 ஜூலையில், யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மிதவையில் நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். கறுப்பர் பக்கம், வெள்ளையர் பக்கம் என்று தண்ணீரில் ஒரு கோடு, சட்டத்தில் இல்லாத கோடு. மிதவை அதைத் தாண்டிவிட்டது. கரையிலிருந்து ஒருவன் கல்லெறிந்தான், பையன் மூழ்கிச் செத்தான். கல்லெறிந்தவனைக் கைது செய்ய போலீஸ் மறுத்தது. அடுத்து வந்த கலவரத்தில் 38 பேர் இறந்தார்கள். பிரபு வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், எங்க தாத்தாவுக்கு ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க விட மாட்டார்கள் என்று மெதுவாகச் சொன்னார். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப் போகிறது, இதை அவர் என்னிடம் சொன்னது அன்றுதான். திரும்பி வரும் வழியெல்லாம் அவர் வீட்டுக் கதைகளைக் கேட்டுக்கொண்டே நடந்தேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மும்பையில் பிறந்த அனிஷ் கபூர் செய்த, பாதரசம் திரண்டு நிற்பது போன்ற பெரிய எஃகுச் சிற்பத்தைப் பார்த்தோம். 168 தகடுகளை ஒட்டியது, தடவிப் பார்த்தேன், ஒரு இணைப்பும் கைக்குத் தட்டுப்படவில்லை. கலைக்கூடத்துக்கும் போனோம். 1893 செப்டம்பர் 11 அன்று விவேகானந்தர் பேசியது அந்தக் கட்டடத்தில்தான். சென்னையில் அளசிங்கப் பெருமாள் வீடு வீடாகப் போய்க் காசு சேர்த்து அனுப்பிய பயணம் அது. உள்ளே ஓவியங்களுக்கு இரண்டு மணி நேரம் போதவே இல்லை. ஆழமான தட்டில் சுடும் அந்த ஊர் பீட்சாவுக்கு முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். கீரை வைத்தது வாங்கினோம். ஒரு துண்டிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஹோட்டல் அறை தீப்பெட்டி அளவு, வாடகை மட்டும் அரண்மனைக்கு.

வசந்தத்தில் இன்னொரு முறை போவதாகப் பேசியிருக்கிறோம். ஏரிக்குள் நீண்டு நிற்கும் நேவி பியர் மேடைக்குப் பக்கத்தில் இருக்கும் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உலகத்திலேயே பெரியவற்றில் ஒன்று. இந்த முறை வெளியிலிருந்துதான் பார்த்தேன். உனக்கு என்ன விவரம் வேண்டும் என்று எழுது, கேட்டு வைக்கிறேன். படங்களைத் தனியாக அனுப்புகிறேன்.

நீ போன கடிதத்தில் எழுதிய குளத்து விவகாரம் என்ன ஆயிற்று? கலெக்டர் ஆபீஸிலிருந்து பதில் வந்ததா? பழைய வரைபடம் கிடைத்தால் முதல் காரியமாக ஒரு சான்று நகல் எடுத்து வைத்துக்கொள். அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
கவிதா