நவீனமயமாக்கலும் ஒரு கட்டு வெள்ளைத்தாளும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் மாநிலக் காவல்துறையின் நவீனமயமாக்கல் பற்றித் தாங்கள் வெளியிட்டிருந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். ட்ரோன், முகம் பார்த்து ஆளைச் சொல்லும் மென்பொருள், கணினி வலையமைப்பு என்று எதுவும் விட்டுப்போகவில்லை. வண்ணப்படங்களும் நன்றாகவே இருந்தன. நடுவில் ஒரு வரிதான் தொண்டையில் சிக்கிக்கொண்டது. புகார் கொடுக்க இனி யாரும் காவல் நிலையப் படியேற வேண்டியதில்லையாம். கட்டுரையாளர் எந்த ஊர்க் காவல் நிலையத்தைச் சொல்கிறார் என்று தெரிந்தால், நாங்களும் அந்த ஊருக்கே குடிபோய்விடுவோம்.

நான் நீதிமன்றத்தில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். எப்.ஐ.ஆர். எனும் முதல் தகவல் அறிக்கைகளைப் புரட்டியே முடி நரைத்தது. தங்களுக்குத் தெரியாததல்ல, இருந்தாலும் சொல்கிறேன். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-வது பிரிவு, மின்னணு வழியில் புகார் அனுப்பலாம் என்கிறது. அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் கையெழுத்துப் போட்டால்தான் அது பதிவாகும் என்றும் அதே மூச்சில் சொல்கிறது. கையெழுத்தை எங்கே போய்ப் போடுவது? கட்டுரையாளர் வீட்டுத் திண்ணையிலா?

என் மைத்துனருக்கு உசிலம்பட்டிக்கு மேற்கே கிணற்றுப் பாசனத்தில் கொஞ்சம் தோட்டம் இருக்கிறது. இரவோடு இரவாக மோட்டார் ஒயரை அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மேலுறையைத் தீயில் எரித்துவிட்டு உள்ளிருக்கும் தாமிரத்தை எடைக்குப் போடுவது ஒரு தொழிலாகவே நடக்கிறது. கத்தரிக்காய் இறங்குகிற நேரம். புது ஒயர் வாங்கி மாட்டும்வரை செடிக்குத் தண்ணீர் இல்லை.

தங்கள் கட்டுரை சொல்கிறபடியே முதலில் இணையத்தில்தான் புகார் கொடுத்தோம். தொலைபேசி வந்தது: "நேரில் வந்துவிடுங்கள் ஐயா. வரும்போது ஒரு கட்டு ஏ4 தாளும் வாங்கி வந்துவிடுங்கள்." எந்த நிலையம் என்று எழுதப் போவதில்லை. மேஜையில் கணினி இருந்தது, பக்கத்தில் அச்சு இயந்திரமும் இருந்தது. தாள் மட்டும் புகார்தாரர் வீட்டிலிருந்து வர வேண்டும். நவீனமயமாக்கலில் பொதுமக்களின் பங்களிப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

கிடைத்தது சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு மட்டும். எப்.ஐ.ஆர். எங்கே என்று கேட்டேன். நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கும் ரைட்டர் மரியாதையான பையன், தேநீர்கூட வரவழைத்தார். "ஒயருக்கெல்லாம் எப்.ஐ.ஆர். போட்டால் கிரைம் மீட்டிங்கில் நிலுவை கூடிவிட்டது என்று எங்களைத்தான் நிற்க வைப்பார்கள் ஐயா" என்றார். பிடியாணை இல்லாமலே கைது செய்யத்தக்க குற்றம் புகாரில் தெரிந்தால் பதிந்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2013-இல் சொன்னார்கள். அது ரைட்டருக்கும் தெரியும். அவருக்கு மேலே இருப்பவர்களுக்கும் தெரியும்.

கட்டுரையாளர் புகழ்ந்து தள்ளிய, காவல் நிலையங்களைக் கணினியால் இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். வலையமைப்புக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது 2009-இல். நாட்டின் குற்றப் புள்ளிவிவரம் முழுவதும் பதிவான எப்.ஐ.ஆர்.களைக் கொண்டே தயாராகிறது. ஆகவே அந்தக் கணக்கின்படி எங்கள் பக்கத்தில் ஒயர் திருட்டே கிடையாது. காவல்துறைக்கென்று ஆராய்ச்சிப் பணியகம் ஒன்று டில்லியில் 1970 முதல் இருக்கிறது. பதியாத திருட்டை வைத்து அங்கே என்ன ஆராய்வார்கள்? எந்த மென்பொருள் எந்த ஊரில் ரோந்து கூட்டச் சொல்லும்?

கேமராக்களைப் பற்றியும் ஒரு பத்தி எழுதியிருந்தார்கள். எங்கள் ஊர் முக்குரோட்டுக் கேமராவுக்கு வீட்டு வரி போல வசூல் செய்து பணம் கொடுத்தவர்கள் நாங்கள். ஒயர் போன இரவின் பதிவைக் கேட்டபோது, அது பழுதாகி நாளாகிவிட்டது என்றார்கள். சரி, காவல் நிலையத்துக்குள் இருக்கும் கேமராக்கள்? சாத்தான்குளம் காவல் நிலையத்தில் 2020-இல் அடிபட்ட தந்தையும் மகனும் இறந்தபோது, அன்றன்றைய பதிவு அன்றன்றே அழியும்படி அமைத்திருந்ததாக விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் உயர் நீதிமன்ற மதுரைக் கிளைக்கு அறிக்கை கொடுத்தார். அதே ஆண்டு டிசம்பரில், நிலையத்தின் எல்லாப் பகுதிகளிலும் கேமரா வேண்டும், பதிவைப் 18 மாதம் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. 2025 ஜூனில் மடப்புரம் கோயில் காவலாளியைப் போலீசார் அடித்தது எப்படி ஊருக்குத் தெரிந்தது? ஒருவர் மறைந்திருந்து தன் கைப்பேசியில் எடுத்த படத்தால். அங்கேயும் நகை காணவில்லை என்ற புகாருக்கு எப்.ஐ.ஆர். போடாமலே விசாரணை தொடங்கியிருந்தது. எழுத வேண்டியதை எழுதாமல் விடும் பழக்கம் ஒயரோடு நின்றுவிடுவதில்லை.

தடய அறிவியலையும் விடவில்லை. நாட்டிலேயே முதன்முதலாக இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் தொடங்கியது 1849-இல், நம் சென்னையில். பெருமைதான். ஆனால் என் பணிக்காலத்தில் வழக்குக் கட்டுகளில் என் கையால் அதிகம் எழுதிய வாசகம் "இரசாயன அறிக்கை வரவில்லை, வாய்தா" என்பதுதான்.

காவலர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த ஆராய்ச்சிப் பணியகமே 2014-இல் ஓர் ஆய்வை வெளியிட்டு, நிலையங்களில் இருப்போரில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் எட்டு மணி நேரத்துக்கு மேல் வேலை பார்க்கிறார்கள் என்றது. சித்திரைத் திருவிழா பந்தோபஸ்தில் வைகைக் கரையில் நிற்கும் காவலர்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஆய்வுகூடத் தேவையில்லை. நாடு முழுவதும் காவல்துறையை நவீனமாக்க 2021-22 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு மத்திய அரசு ஒப்புதல் அளித்த தொகை 26,275 கோடி ரூபாய். அதில் ரைட்டர் மேஜைக்கு ஒரு கட்டுத் தாள் வாங்க வழியில்லையா என்பதுதான் கேள்வி.

தங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மாவட்டப் பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். எப்.ஐ.ஆர். நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பதையும், விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் அவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதையும், நிலையத்தில் பதிய மறுத்தால் 173(4)-இன்படி மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம் என்பதையும் அச்சிட்டால் போதும். வெட்டிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார்கள். இடம் போதவில்லை என்றால் ட்ரோன் படத்தைக் கொஞ்சம் சுருக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சிரஸ்தார்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.

(பெயரை வெளியிட வேண்டாம். மைத்துனர் அங்கேதான் குடியிருக்க வேண்டும்.)