சாவியோடு காணி உறுதி: மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மலையக மக்களின் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கும் பெருந்தோட்டக் காணிக்குப் பொறுப்பான அமைச்சுக்கும்,

வணக்கம்.

அரசு கொஞ்சமாகச் செய்யட்டும், செய்வதைச் சட்டப்படி முழுமையாகச் செய்யட்டும் என்று நினைப்பவர்கள் நாங்கள். நிவாரணம் குடும்பத்தைக் காத்திருக்க வைக்கும். சொத்துத்தான் நிமிர வைக்கும். ஆகவே கேட்பது ஒன்றுதான்: தோட்டத்தில் குடியிருக்கும் ஒவ்வொரு குடும்பத்துக்கும், நிபந்தனை இல்லாத, பதிவு செய்த காணி உறுதி, அதாவது உரிமைப் பத்திரம்.

1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையாகின. 1992இல் நிர்வாகம் கம்பனிகளுக்குப் போனது, பின்னர் நீண்டகாலக் குத்தகை வந்தது. காணி இன்றும் அரசினுடையது. துரைமார் மாறினார்கள், ஆட்சிகள் மாறின. லயக் காம்பராவில், அந்த வரிசை வீட்டு அறையில், இருப்பவருக்கு மட்டும் கையில் ஒரு காகிதமும் இல்லை. சொந்தமில்லாத சுவருக்கு யார் சீமெந்து பூசுவார்?

வீடமைப்புத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு ஒதுக்கப்பட்டுவந்த 7 பேர்ச் காணி என்பது ஏறத்தாழ 1,900 சதுர அடி. அதில் இந்திய வீடமைப்புத் திட்டத்தின் 550 சதுர அடி வீட்டைக் கட்டி, மலச்சலகூடக் குழிக்கும் நடைபாதைக்கும் விட்டு, சரிவை வெட்டியதில் மண்மேட்டுக்கு ஒரு பங்கு போனால், மிஞ்சுவது மரக்கறிப் பாத்திக்குக் காணும், மாட்டுப்பட்டிக்குக் காணாது. இடமுள்ள தோட்டங்களில் 10 பேர்ச் கொடுங்கள்.

வேலை முடங்கும் இடங்களைச் சொல்கிறோம். முதலில் கம்பனி அந்தத் துண்டைக் குத்தகையிலிருந்து விடுவிக்கவேண்டும். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் பார்க்கவேண்டும். நில அளவையாளர் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் துண்டு இலக்கம் போட்டு எல்லைக்கல் நடவேண்டும். அதற்குப் பிறகே அத்திவாரம். பிறகு உறுதி, காணிப் பதிவகத்தில் பதிவு. வீட்டைக் கட்டிவிட்டு அளக்கப் போனால், அத்தனை வீட்டுக்கும் ஒரே வரைபடம்தான் மிஞ்சும்: பாதை யாருடையதென்று தெரியாது, அயலவரோடு வேலிச் சண்டை வரும், தனித்தனி உறுதி எழுதவே முடியாது. மேடையில் கொடுக்கும் சான்றிதழ் உறுதியாகாது. வங்கி அதைத் தொடாது.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் ஒரு விதம், பிறப்புச் சான்றிதழில் வேறு விதம், தோட்டத்தின் வேலைப் பதிவேடான செக்ரோலில் இன்னொரு விதம். சிங்களத்தில் எழுதிய தமிழ்ப் பெயர் திரும்பத் தமிழுக்கு வரும்போது ஆளே மாறிப்போகிறார். உறுதி எழுதுமுன் பிரதேச செயலக அலுவலர்கள் தோட்டத்துக்கே வந்து இதைத் திருத்தவேண்டும். ஒருநாள் வேலையை இழந்து, பஸ் ஏறி அலைய வைக்கக் கூடாது. உறுதி கணவன் மனைவி இருவர் பெயரிலும் இருக்கட்டும். கொழுந்துக் கூடை பெரும்பாலும் பெண்ணின் முதுகில்தான் இருக்கிறது.

1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டப்படியான அளிப்பு எங்களுக்கு வேண்டாம். விற்க, பிரிக்க, ஈடு வைக்க அதில் கட்டுப்பாடு உண்டு. பின்னுரித்தாளரை, அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்பதை, பெயர் குறிக்காமல் ஒருவர் இறந்தால் பிள்ளைகளுக்குள் தகராறு. "சொந்தமாகக் கொடுத்தால் விற்றுக் குடித்துவிடுவார்கள்" என்ற பேச்சு இன்னமும் இருக்கிறது. கொழும்பில் காணி வாங்குபவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. உண்மையில் பயமிருந்தால், இருவர் கையொப்பமும் இல்லாமல் விற்க முடியாது என்று எழுதுங்கள், போதும்.

சம்பளம் பேசாமல் காணியைப் பேசுவதேன் என்பீர்கள். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா என்று வர்த்தமானியில் வந்தபின் பல தோட்டங்களில் வேலை நாள் குறைந்தது, பறிக்கவேண்டிய கிலோ கூடியது. ஒரு பக்கம் எழுதிய தொகையை மறுபக்கம் கணக்கு விழுங்கிவிட்டது. ஆனால் நாட்டின் தேயிலையில் ஏறத்தாழ முக்கால் பங்கு சிறுதோட்ட உடைமையாளர்களின் கொழுந்து. அவர்கள் செடிக்குப் பசளை போடுவதும் காலத்தில் கவ்வாத்து வெட்டுவதும் மலை, அதாவது தேயிலை நிலம், தங்களுடையது என்பதால். கம்பனி கைவிட்டுக் காடாகிப்போன மலைகளையும் அங்குள்ள குடும்பங்களுக்கு அப்படியே எழுதிக் கொடுக்கலாம்.

பிரதேச சபைச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் செலவழிக்க வழியுண்டு. உறுதி உள்ளவர் வரி கட்டுவார்; வரி கட்டுபவர் தண்ணீரையும் பாதையையும் தொழிற்சங்கத் தலைவரிடம் கெஞ்சாமல் சபையில் கேட்பார்.

2025 நவம்பரில் டித்வா புயலில் வீடிழந்தவர்களுக்குக் கட்டும் வீடுகளிலிருந்தே இதைத் தொடங்குங்கள். திறப்பு விழாவில் சாவியோடு பதிவு இலக்கமிட்ட உறுதியையும் சேர்த்துக் கையில் கொடுங்கள்.