எட்டு சேக், இரண்டு கொடி

ஷுகர் லேண்ட்
26 ஜனவரி 2025, ஞாயிறு காலை

கண்ணா,

நலமா? இங்கே நாங்கள் நலம். நம் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் கன்சாஸ் சிட்டியிடம் தோற்ற அமெரிக்கன் ஃபுட்பால் மேட்ச் முடிந்து ஒரு வாரமாகிவிட்டது, உன்னிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. நம் ஆட்கள் தப்பு செய்தார்கள் என்று ரெஃபரி வீசிய அந்த இரண்டு கொடிகளுக்கு ஊரே கத்துகிறது. ஆகஸ்ட் மாதத்து ஒப்புக்குச் சப்பாணி ஆட்டத்துக்குக்கூட அப்பாவுக்கு வரிசையாக மெசேஜ் அனுப்புகிற பிள்ளை நீ. அதுதான் எனக்கு உறுத்துகிறது. "பிஸியா இருப்பான், விடு" என்றார் அப்பா. சரி, விட்டேன். போன் செய்தால் "அப்புறம் பேசறேம்மா" என்பாய். அதனால் எழுதுகிறேன். உனக்குத் தமிழ் படிக்கச் சொல்லிக் கொடுத்ததற்கு எனக்கு இந்தக் கூலியாவது கிடைக்கட்டும். பதிலை இங்கிலீஷிலேயே எழுது, பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை இங்கே பனி பெய்தது, பார்த்திருப்பாய். ஹூஸ்டனில் பனி! இரண்டு ஏர்போர்ட்டையும் மூடிவிட்டார்கள். கறிவேப்பிலைச் செடியை அப்பா முந்தின ராத்திரியே ஹாலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார். எதிர்வீட்டுக் குழந்தைகள் குப்பைத்தொட்டி மூடியில் உட்கார்ந்து சறுக்கினார்கள். உனக்கு பாஸ்டனில் இது தினப்படி விஷயம், எங்களுக்குத் திருவிழா. நீ அங்கே தலைக்குக் குல்லா போடுகிறாயா? ராத்திரி சாப்பாடு எத்தனை மணிக்கு? தூங்குகிறாயா?

மேட்சுக்கு வருகிறேன். வீட்டில் ஒரு வாரமாக வேறு பேச்சே இல்லை. அப்பாவின் கட்சி உனக்குத் தெரியும்: எல்லாம் ரெஃபரி. முதல் கால் பகுதியில் நம் வில் ஆண்டர்சன், பந்தை எறிகிற அவர்கள் குவாட்டர்பேக் மஹோம்ஸைத் தொட்டதற்கு ஒரு கொடி. மூன்றாவது டவுன், அதாவது மூன்றாவது முயற்சி, பாஸ் விழுந்துவிட்டது, அவர்கள் பந்தை உதைத்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்க வேண்டியது. கொடியால் ஆட்டம் தொடர்ந்து மூன்று புள்ளி எடுத்தார்கள். அப்புறம் மூன்றாவது பகுதியில், மஹோம்ஸ் ஓடிக்கொண்டே இருந்துவிட்டுக் கடைசி நொடியில் சறுக்கி உட்கார்ந்தார். நம் ஆட்கள் இரண்டு பேர் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டதுதான் மிச்சம். அதற்கும் ஒரு கொடி. அந்தத் தொடர் அவர்கள் ஆள் கெல்சியின் டச்டவுனில் முடிந்தது. "மூணும் ஏழும் பத்து. தோத்தது ஒன்பதுல. கணக்கு சரியா இருக்கா இல்லையா?" என்று வருகிற போகிறவர்களிடமெல்லாம் கேட்கிறார். மீனாட்சி கோயிலில் வைத்துக்கூட ஒருவரிடம் கேட்டார். பாவம், அவர் டாலஸ் ரசிகர்.

கொடி இரண்டுமே தப்பு என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. கமென்டரியில் ட்ராய் எய்க்மனே ஒப்புக்கொள்ளவில்லை. அவரும் ஒரு காலத்தில் குவாட்டர்பேக்காக இருந்து அடி வாங்கியவர்தானே. அதே மஹோம்ஸ் கோட்டோரம் தள்ளாடுவதுபோல் நடித்தபோது கொடி விழவில்லை, நல்லவேளை. விழுந்திருந்தால் அப்பாவை ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போயிருக்க வேண்டும். இந்த மாதிரிக் கொடிக்கு எதிராகக் கோச் மறுபரிசீலனை கேட்கவும் விதியில் இடமில்லை. நடுவர்களையும் சேர்த்தே எதிர்த்து ஆட வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் போனோம் என்ற பொருளில் நம் கோச் டிமீக்கோ ரையன்ஸ் பிறகு பேசினார். நிதானமான மனுஷன். அவரே அப்படிச் சொன்னார் என்றால் உள்ளே எவ்வளவு எரிந்திருக்கும்.

ஆனால் அப்பாவின் கணக்கில் பாதிதான் இருக்கிறது. நம் பக்கம் பந்தை உதைக்கிற ஃபேர்பேர்ன் 55 யார்டில் ஒரு ஃபீல்டு கோல் தவறவிட்டார், அது மூன்று புள்ளி. நம் மிக்ஸனின் டச்டவுனுக்குப் பின் வரவேண்டிய அந்த ஒரு புள்ளியும் போயிற்று. கடைசியில் இன்னொரு ஃபீல்டு கோலைத் தடுத்துவிட்டார்கள். அதைக் கூட்டினால் ஏழு. அதை ஏன் சொல்வதில்லை என்று கேட்டால் சேனலை மாற்றுகிறார். 2020 ஜனவரியில், அதே கன்சாஸ் சிட்டியில், 24–0 என்று முன்னால் போய்விட்டு 51–31 என்று தோற்றோமே, அதற்கு எந்த ரெஃபரியைப் பிடிப்பது? அன்று நீ உன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனது எனக்கு நினைவிருக்கிறது. மறுநாள் வெளியே வந்து திட்டித் தீர்த்தாய். எனக்கு அது பிடித்திருந்தது. வீடு வீடாக இருந்தது.

நான் பார்த்தது வேறு. எட்டு சேக். ஒரே ஆட்டத்தில் நம் குவாட்டர்பேக் ஸ்ட்ரவுட்டை, அந்தப் பையனை, பந்தை எறியும் முன்பே எட்டு தடவை கீழே போட்டார்கள். கொடி இரண்டும் விழாமலிருந்தாலும் இந்த எட்டும் அப்படியேதான் இருந்திருக்கும். அன்று நாம் எடுத்தது 336 யார்டு, அவர்கள் 212தான். அடி வாங்கி வாங்கி எழுந்து இவ்வளவு தூரம் கொண்டுபோயிருக்கிறான். அதைப் பற்றி யாராவது பேசுகிறார்களா? "ரெண்டாவது வருஷம் இறங்கிட்டான்" என்கிறார்கள். உன் பெரியப்பாவும் குரூப்பில் அதையே போட்டிருந்தார். அவருக்கு ஃபுட்பால் எப்போது தெரிந்தது என்று தெரியவில்லை.

எண்ணைப் பார்த்தால் இறங்கினதுபோலத்தான் இருக்கும். 2023இல் வந்தவுடன் 4,108 யார்டு, 23 டச்டவுன், அவன் எறிந்ததில் எதிராளி பிடித்தது ஐந்தே ஐந்து. 2024இல் 3,727, 20, எதிராளி பிடித்தது 12. சரி. ஆனால் முதல் வருஷம் 38 சேக், இந்த வருஷம் 52. அதை யார் கணக்கில் எடுப்பது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? பாஸ் பிடிக்க பஃபலோவிலிருந்து கூட்டிவந்த டிக்ஸுக்கு அக்டோபரிலேயே முழங்கால் போயிற்று. பாஸ் பிடிக்கிற இன்னொருவர் நிக்கோ காலின்ஸ் நடுவில் ஐந்து ஆட்டம் இல்லை. டிசம்பர் 21ஆம் தேதி, இதே கன்சாஸ் சிட்டி மைதானத்தில், டேங்க் டெல் டச்டவுனைப் பிடித்த கையோடு நம் ஆளோடேயே மோதி முழங்காலை உடைத்துக்கொண்டார். இடது பக்கத்தில் காவல் நிற்கிற டன்சில் பந்து கிளம்பும் முன்பே அசைந்து அசைந்து கொடி வாங்குகிறார். முன்னால் நிற்கிற ஐந்து பேருக்குள் யார் யாரைப் பிடிப்பது என்பதே பல சமயம் தீர்மானமாகவில்லை, எதிராளி நடுவில் புகுந்து வந்துவிடுகிறான். இத்தனைக்கும் பத்து ஆட்டம் ஜெயித்து, டிவிஷனையும் ஜெயித்து, சார்ஜர்ஸ் டீமைத் தோற்கடித்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறான். அது அவன் தலையில் ஏற்ற வேண்டிய பழியா, அவன் பெயரில் எழுதாத புகழா, நீயே சொல்.

அன்று டெல் விழுந்தபோது ஸ்ட்ரவுட் மைதானத்திலேயே அழுதானே, பார்த்தாயா? 23 வயசுப் பையன், அத்தனை கேமரா முன்னால். அப்பா ஒன்றும் பேசவில்லை, எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். எனக்கு அவன் அம்மா நினைவுதான் வந்தது. புருஷன் ஜெயிலுக்குப் போனபின் ஒரு ஸ்டோரேஜ் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போய், அதன் மேலேயே இருந்த சின்ன வீட்டில் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தவள். தோற்ற ராத்திரி அவன் அவளைக் கூப்பிட்டிருப்பான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியாது, ஆனால் கூப்பிட்டிருப்பான்.

உங்கள் ஆபீசில் ஆள் குறைத்தார்களாமே என்று யாரோ சொன்னார்கள். யாரோ. மருமகளையும் கேட்காதே, தங்கையையும் கேட்காதே. நானும் உன்னிடம் எதுவும் கேட்கவில்லை. நான் ஸ்ட்ரவுட் பற்றித்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவனிடம் ஒரு குறை உண்டு. பந்தைக் கையில் வைத்துக்கொண்டே நிற்கிறான். யாராவது கடைசி நேரத்தில் கழன்று வருவார்கள், ஒரு பெரிய பாஸ் போட்டுவிடலாம் என்று. அதற்குள் பின்னாலிருந்து அடி விழுந்துவிடுகிறது. கோட்டுக்கு வெளியே எறிந்துவிட்டால் ஒரு டவுன்தான் நஷ்டம், மறுபடி ஆடலாம். அதை அவமானமாக நினைக்கிறானோ என்னவோ. முன்வரிசை தாங்கவில்லை என்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும், பயிற்சியாளரிடம் கத்தவாவது வேண்டும். எல்லாவற்றையும் நான் ஒருத்தனே சரிபண்ணிவிடுவேன் என்று நிற்கக்கூடாது. நம் வீட்டில் ஒருத்தன் அலமாரி மொத்தத்தையும் ஒரே தடவையில் மாடிக்குத் தூக்கப் பார்த்தான், ஹார்வி வெள்ளத்தின்போது. அவன் முதுகு பிடித்துக்கொண்டு யார் தைலம் தேய்த்தது என்று அவனுக்கு மறந்திருக்கலாம்.

டேவிட் கார் நினைவிருக்கிறதா? உனக்கு அப்போது சின்ன வயசு. டீம் ஆரம்பித்த 2002ஆம் வருஷம், முதல் குவாட்டர்பேக். அந்த ஒரே சீசனில் அவனை 76 தடவை சாய்த்தார்கள். இன்றுவரை அதுதான் லீக் முழுவதற்கும் ரெக்கார்டு. இந்த வருஷம் சிகாகோவில் கேலப் வில்லியம்ஸ் 68 வாங்கினான், அவனாலும் அதை எட்ட முடியவில்லை. கார் கெட்டிக்காரன், முதல் ஆளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவன். ஐந்து வருஷம் வைத்திருந்தார்கள். போகப்போக, யாரும் பக்கத்தில் வராதபோதும் அவன் கண் எதிராளியைத் தேட ஆரம்பித்தது. பாஸ் பிடிக்க ஓடுகிறவனைப் பார்க்க வேண்டிய கண். பிறகு அனுப்பிவிட்டார்கள், "எதிர்பார்த்தபடி வரவில்லை" என்று பேசினார்கள். அந்த 76இல் எத்தனை அவனுடையது? எனக்கு அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. அதனால்தான் எட்டு என்றதும் பதறுகிறேன், கொடிக்குப் பதறவில்லை.

தீபாவளிக்கு வந்துவிட்டுக் கிளம்பும்போது அப்பா காருக்குப் பக்கத்தில் நின்று சொன்னாரே, "எல்லாருக்கும்தான் வேலை இருக்கு" என்று. அதை மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாயா? அவருக்கு அப்படித்தான் பேச வரும். நீ அனுப்பும் மெசேஜை இரண்டு தடவை படித்துவிட்டு எனக்கு ஒரு தடவை படித்துக் காட்டுகிறவர் அவர். போன வாரம் ஆட்டம் முடிந்ததும் போனை எடுத்து மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நீயும் அவரும் ஒரே அச்சு. ஒருத்தராவது முதலில் பேசினால் என்ன குறைந்துவிடும்? எனக்கு உங்கள் இருவரையும் பார்த்தால் சில நேரம் சிரிப்பு வருகிறது, சில நேரம் எரிச்சல்தான் வருகிறது. கோயிலில் உன்னைப் பற்றிக் கேட்டால் மட்டும் "டீம் லீடர்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டு வருகிறார்.

வெள்ளிக்கிழமை, பந்து நம் கையில் இருக்கும்போது ஆட்டத்தைத் திட்டமிடுகிற கோச் ஸ்லோவிக்கை அனுப்பிவிட்டார்கள். நல்லது என்கிறார்கள் எல்லோரும். போன ஜனவரியில் இதே ஆளைத் தலைமைக் கோச்சாக எடுக்கலாமா என்று மற்ற டீம்கள் நேர்காணலுக்குக் கூப்பிட்டன. ஒரு வருஷத்தில் வீட்டுக்குப் போ என்றாகிவிட்டது. அவருக்கும் ஒரு அம்மா இருப்பாள். ஆனாலும் எனக்கு வருத்தமில்லை. முன்வரிசைக்கு வருகிற உதவியை அவர் ஒரு வருஷம் முழுக்கச் சரிபண்ணவில்லை. இனி வருகிறவர் முதலில் அந்த ஐந்து இடத்தைப் பார்க்கட்டும். பாஸ் பிடிக்க இன்னொரு பெரிய பெயரை வாங்குவதற்கு முன்னால்.

ரெஃபரி பாவம் என்று நான் சொன்னால் அப்பாவுக்கு ஆகாது. ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு வாரநாட்களில் வேறு வேலை இருக்கிறது. ஒரு நொடியில் ஒருத்தன் தலை எங்கே போயிற்று என்று பார்த்துச் சொல்ல வேண்டும், நாம் அதை டிவியில் பத்து கோணத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறோம். தப்பு தப்புதான். அதற்காக ரெஃபரியைக் கொலைகாரன்போல் பேசுவானேன்?

நீ பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்காதே. அவனைச் சொன்னேன். ராத்திரி பன்னிரண்டு மணிக்குமேல் லேப்டாப்பை மூடு. வார இறுதியில் மருமகளோடு எங்காவது வெளியே போ. குளிர் என்று சாக்குச் சொல்லாதே. வேலை இன்றைக்கு ஒன்று போனால் நாளைக்கு ஒன்று வரும், உன் அறை இங்கே அப்படியேதான் இருக்கிறது. கட்டில்மேல் அப்பாவின் துணி கிடக்கிறது, எடுத்துவிடலாம். தூங்குகிறாயா என்று கேட்டேனே, அதற்கு மட்டும் பதில் எழுது.

பருப்புப்பொடியும் இட்லிப்பொடியும் நேற்று பார்சல் போட்டிருக்கிறேன். இட்லிப்பொடி மருமகளுக்கு, காரம் குறைத்திருக்கிறேன். எலுமிச்சை ஊறுகாய் பாட்டில் உடையாமல் வந்ததா என்று பார்த்துச் சொல்.

இன்று சாயங்காலம் கன்சாஸ் சிட்டியும் பஃபலோவும். உனக்கு ஆறரை, எங்களுக்கு ஐந்தரை. அப்பா மத்தியானமே பஃபலோ கட்சியில் சேர்ந்துவிடுவார், மஹோம்ஸ்மேல் இருக்கிற கோபத்தில். கொடி விழுந்தால் அவருக்கு ஒரு மெசேஜ் போடு. விழாவிட்டாலும் போடு.

அம்மா