எஸ்பிளனேடில் ஒலி பார்த்த அண்ணனுக்கு நன்றி

சிங்கப்பூர் எஸ்பிளனேடின் திறந்தவெளி அரங்கு மரினா விரிகுடாவை ஒட்டியது. இலவசக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கி யாரும் வருவதில்லை. நடந்து போகிறவர்கள்தான் நின்று கேட்பார்கள். முதல் பாட்டிலேயே ஒலி உறுத்தினால் நகர்ந்துவிடுவார்கள். எங்கள் கர்நாடகக் கச்சேரியில் அவர்களை உட்கார வைத்தது, பெயர் தெரியாத அண்ணா, உங்கள் காதுதான்.

நீர்ப்பரப்பிலிருந்து வரும் காற்று மைக்கில் மோதி இரையும். வாய்ப்பாட்டு மைக்குக்கு நுரை உறை மாட்டி, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள தாழ்ந்த ஒலியை வெட்டினீர்கள். மிருதங்கத்தின் தொப்பிக்கு, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடப்பக்கத்துக்கு மட்டும் அப்படி வெட்டவில்லை. அங்கே வெட்டினால் கும்கி என்ற அந்தக் கும்மென்ற வளைந்த நாதம் செத்துப்போகும், வெறும் தட்டல்தான் மிஞ்சும். பலர் செய்யும் தவறு இது. மேடையில் பாடகர் கேட்பதற்கான ஸ்பீக்கரான மானிட்டரின் ஒலி தொப்பி மைக்கில் பட்டு ஊளையிட்டபோது, மைக்கைத் தோலுக்கு நெருக்கி, மானிட்டரைப் பாடகர் பக்கம் திருப்பி, அதில் தொப்பியின் அளவையும் குறைத்தீர்கள். தம்புரா மட்டும் மானிட்டரில் தெளிவாகவே இருந்தது. சுருதி கேட்காவிட்டால் பாடகர் கத்தத் தொடங்குவார், பிறகு எல்லாமே ஏறும்.

ஈரக்காற்றில் மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் சுருதி இறங்கியது. கல்லால் தட்டிச் சேர்த்த அந்த நேரம் முழுக்க மிருதங்க மைக்குகளை ஒலி வராமல் மூடி வைத்தீர்கள். யாரும் சொல்லாமலே! அது சங்கீதம் தெரிந்த கை.

அடுத்த முறை கச்சேரி முடிந்ததும் கேபிள் சுருட்டப் போய்விடாதீர்கள், அண்ணா. நேரில் நன்றி சொல்ல வேண்டும்.