வேதநாயகம் ஒருவர் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் நாளிதழின் இணைப்பில் மாயூரத்தின் (இன்றைய மயிலாடுதுறையின்) பழம்பெருமை பற்றிய கட்டுரையைப் படித்தேன். தஞ்சை சரபோஜி மன்னர் காலத்தில் பெத்லகேம் குறவஞ்சி (குறத்தி குறி சொல்வதாக அமையும் பாட்டு நாடகம்) பாடிய வேதநாயகமே பின்னாளில் முன்சீப்பாகி (உரிமையியல் நீதிபதியாகி), பிரதாப முதலியார் சரித்திரம் என்னும் முதல் தமிழ் நாவலை எழுதினார் என்று அதில் கண்டிருந்தது. கட்டுரையாளரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மேடைகளிலும் ஆண்டு மலர்களிலும் இந்தக் கலப்பு பலமுறை என் கண்ணில் பட்டிருக்கிறது. இரண்டாம் சரபோஜி 1832இல் மறைந்தபோது நாவலாசிரியருக்கு ஆறு வயதுகூட நிரம்பவில்லை. நாவல் அச்சேறிய 1879ஆம் ஆண்டிலோ, குறவஞ்சி பாடியவர் காலமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன.

முன்னவர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார். 1774இல் திருநெல்வேலியில் பிறந்து, சிறுவனாக இருக்கும்போதே சுவார்ச் ஐயர் என்ற கிறித்தவ போதகரோடு தஞ்சைக்கு வந்து, தரங்கம்பாடியில் படித்து, இருபது வயது நிரம்புமுன்பே தஞ்சையில் இறையியல் பள்ளி ஒன்றுக்குத் தலைமை ஆசிரியரானவர். சரபோஜியும் சுவார்ச்சின் மாணவர் என்பதால் இருவருக்கும் இளமையிலேயே பழக்கம் உண்டு. குற்றாலத்துக்குப் பாடிய அதே குறவஞ்சி மரபில் பெத்லகேம் நாதரைத் தலைவராக்கிப் பாடிய துணிவு இவருடையது. அதில் குறி சொல்லும் குறத்தியாக வருவது விசுவாசம். குறத்தியின் கணவனான சிங்கன் கண்ணிவைத்துப் பிடிக்கும் பறவைகள் மனித ஆன்மாக்கள்.

பின்னவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை. 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857இல் முன்சீப்பாகித் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் பணியாற்றினார். உயர் வழக்குமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்து வெளியிட்டவர். உ.வே.சாமிநாதையரின் ஆசிரியரான மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். 1876-78 தாதுவருடப் பஞ்சத்தில் இவர் கஞ்சித் தொட்டி வைத்து ஊட்டியதைக் கண்டுதான் கோபாலகிருஷ்ண பாரதியார் "நீயே புருஷ மேரு" என்று பாடியதாகச் சொல்வார்கள். இவ்வளவு நிறைந்த வாழ்க்கையின்மேல் இன்னொருவருடைய குறவஞ்சியையும் ஏற்றிவைக்க வேண்டிய தேவையே இல்லை.

குழப்பம் ஏன் வந்தது என்பதும் விளங்காத ஒன்றன்று. இருவரும் கிறித்தவர், ஒருவர் சீர்திருத்தச் சபை (புராட்டஸ்டண்டு), மற்றவர் கத்தோலிக்கர் என்ற வேறுபாட்டை வெளியார் பெரும்பாலும் கவனிப்பதில்லை. இருவர் வாழ்விலும் தரங்கம்பாடி வருகிறது. ஆனால் சாஸ்திரியார் படித்தது டேனிஷ்காரர் ஆண்ட தரங்கம்பாடியில், பிள்ளை நீதி வழங்கியது 1845இல் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்ட பிறகான தரங்கம்பாடியில். பிள்ளையின் நீதிநூல் 1859இல் வெளிவந்தபோது 85ஐ ஒட்டிய வயதில் சாஸ்திரியார் தஞ்சையில் இருந்தார். பெயரும் அக்காலக் கிறித்தவரிடையே அரிதன்று. விவிலியத்தை வேதம் என்றும், மாதா கோயிலை வேதக்கோயில் என்றும் வழங்கிய நாட்டில் வேதமாணிக்கமும் வேதமுத்துவும் வேதநாயகமும் ஊருக்கு ஊர் இருந்தார்கள். பின்னாளில் தோர்ணக்கல் பேராயரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவையும், சாமுவேல் வேதநாயகம் பிள்ளை என்று வழங்கப்படும் நம் முன்சீப்பையும் ஒருவராக்கியவரைக்கூட நான் சந்தித்திருக்கிறேன். அசரியா பிறந்தது 1874இல். அங்கே வேதநாயகம் என்பது தந்தையின் பெயர்.

அதைவிடச் சிக்கலானது கீர்த்தனை. இருவருமே கீர்த்தனை எழுதினார்கள். ஆனால் சாஸ்திரியாரின் "சீர் ஏசு நாதனுக்கு" ஆலயத்தில் பாடப்படுவது. பிள்ளையின் சர்வசமய சமரசக் கீர்த்தனைகள் கச்சேரி மேடையில் பாடப்படுபவை. எல்லாச் சமயத்தாரும் பாட வேண்டும் என்ற எண்ணத்தில் எழுதியவை என்பது நூலின் தலைப்பிலேயே இருக்கிறது. ஆகவே ஏசுவின் பெயர் சொல்லித் துதிக்கும் பாட்டு ஒன்று வேதநாயகம் பெயரில் கிடைத்தால், முதலில் தஞ்சைப் பக்கம் விசாரிப்பதே முறை.

சாதிப் பட்டங்களை விட்டு எழுதும் நல்ல வழக்கமும், எதிர்பாராமல், இந்தக் குழப்பத்துக்கு உதவியிருக்கிறது என்பது என் கருத்து. "பிள்ளை"யை நீக்கியவர்கள், அதே கையோடு "சாஸ்திரியாரை"யும் சாதிப் பெயர் என்று எண்ணி நீக்கிவிடுகிறார்கள். அது சாதிப் பெயர் அன்று; கல்விக்காக வழங்கிய பட்டம். அந்தப் பட்டத்தைப் பார்த்து அவரை அந்தணர் என்று எழுதியவர்களும் உண்டு என்பது தனிக்கதை. பட்டம் வேண்டாம் என்றால் ஊரைச் சேர்த்து எழுதலாமே. கோவூர் கிழாரையும் ஆவூர் மூலங்கிழாரையும் நாம் அப்படித்தானே பிரித்தறிகிறோம்? தஞ்சை வேதநாயகம், மாயூரம் வேதநாயகம் என்று எழுதினால் போதும். இருவரும் அவ்வூர்களில் பிறந்தவர்கள் அல்லர் என்றாலும், வாழ்ந்து பெயர் பெற்றது அங்கேதான்.

எங்கள் பகுதி நூலகம் ஒன்றின் பழைய பதிவேட்டில் பெத்லகேம் குறவஞ்சிக்கு எதிரே "வேதநாயகம்" என்று மட்டும் கறுப்பு மையில் எழுதியிருக்கிறது. பிற்காலத்தில் யாரோ நீலப் பென்சிலால் "பிள்ளை, மாயூரம் முன்சீப்" என்று சேர்த்துவிட்டார்கள். அந்தப் பென்சில் எழுத்தை நம்பிக் கட்டுரைப் போட்டிக்கு எழுதிவந்த மாணவி ஒருத்தியைத் திருத்தப்போய்தான் நான் இதைக் கண்டுபிடித்தேன். அவள் விடவில்லை: "ஐயா, லைப்ரரி ரெஜிஸ்டரே தப்பா இருக்குமா?" என்று கேட்டாள். தங்கள் நாளிதழையும் அவள் படிப்பவள். ஆகவே வரும் ஞாயிற்றுக்கிழமை இணைப்பில், பெத்லகேம் குறவஞ்சியின் ஆசிரியர் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864) என்றும், பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை (1826-1889) என்றும் இரண்டு வரித் திருத்தம் வெளியிடுமாறு வேண்டுகிறேன். அதைக் கத்தரித்து அந்தப் பதிவேட்டில் ஒட்டிக்கொள்ள நூலகர் இசைந்திருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
மயிலாடுதுறை