அந்தப் பேரத்தை எழுது

அன்பு மகளுக்கு,

உன் நாவலிலிருந்து நீ அனுப்பிய ஆறு அத்தியாயங்களையும் நேற்று ராத்திரியே படித்து முடித்துவிட்டேன். பாரிஸ் தெருக்கள் கண் முன்னால் நிற்கின்றன. ஆனால் நான்காம் அத்தியாயத்தில், அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸும், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான அவளுடைய எஜமான் தாமஸ் ஜெஃபர்சனும் ஜன்னலோரம் நிற்கும் இடத்தில் "காதல்" என்று எழுதியிருக்கிறாயே, அதற்குமேல் எனக்குப் படிக்க ஓடவில்லை.

1787இல் அவருடைய சின்ன மகளுக்குத் துணையாக அவள் பாரிஸுக்கு வந்தபோது அவளுக்கு வயது 14. அவருக்கு 44. உனக்கு 14 வயதில் நான்தான் தலை பின்னிவிட்டேன், ஞாபகம் இருக்கிறதா? அவள் அவருக்கு மாமனார் சொத்தோடு வந்தவள். அந்த மாமனார் தம் அடிமைப் பெண்ணிடம் பெற்ற மகள். அதாவது, ஜெஃபர்சனின் இறந்துபோன மனைவிக்குத் தங்கை முறை. அவர்கள் ஊரான வர்ஜீனியாவில் 1662லேயே சட்டம் போட்டுவிட்டார்கள்: தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை, அப்பன் யாராக இருந்தாலும் சரி. இந்த வீட்டில் அவளால் யாரிடம் போய் "மாட்டேன்" என்று சொல்லியிருக்க முடியும்?

ஒரே ஒரு தடவை சொன்னாள். அதைத்தான் நீ இரண்டு வரியில் கடந்துவிட்டாய். பிரெஞ்சு மண்ணில் அவள் விடுதலை கேட்டு மனுப் போட்டிருக்கலாம். 1789இல் ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டபோது வரமாட்டேன் என்றாள். 16 வயது, வயிற்றில் பிள்ளை. பிறக்கும் பிள்ளைகளை 21 வயதில் விடுவிப்பதாக வாக்கு வாங்கிக்கொண்டுதான் கப்பலேறினாள். அவள் மகன் மாடிசன் 1873இல் சொன்னது இது. அவள் கைப்பட எழுதிய ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. நீ அவள் வாயில் வைக்கிற சொல்லைத்தான் படிக்கிறவர்கள் அவள் பேசியதாக நினைப்பார்கள், கண்ணு. அந்தப் பேரத்தை எழுது. கையில் என்ன வேலையை வைத்துக்கொண்டு கேட்டாள்? அவர் முகத்தைப் பார்த்துக் கேட்டாளா?

அப்புறம் அவள் மகள் ஹாரியட். 1822இல், 21 வயதில், கையில் 50 டாலர் கொடுத்து வண்டியேற்றி அனுப்பினார்கள். வெள்ளைக்காரியாகவே வாழ்ந்தாள். அப்படி வாழ வேண்டுமென்றால் அம்மா இருக்கும் பக்கம் தலைகாட்ட முடியாது. உன்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு வந்து, நீ தலை துவட்டிய துண்டை மூன்று நாள் நான் துவைக்கவில்லை. நீயோ ஞாயிற்றுக்கிழமை தவறாமல் பேசுகிறாய். ஜெஃபர்சனின் வீடிருந்த மான்டிசெல்லோ மலையிலிருந்து அந்த வண்டி இறங்கும்போது சாலி எங்கே நின்றாள்? அடுத்த தடவை அனுப்பும்போது அந்தப் பக்கமும் இருக்கட்டும்.

அன்புடன்,
அம்மா